காயமறிந்து காத்தல்

அரசு மருத்துவமனைக்குப் போய்வந்த எவருக்கும் ‘ட்ராமா’ என்ற சொல் தெரியும். நெடுஞ்சாலையில் அடிபட்டு 108 வண்டியில் வருபவரை நேரே கொண்டுபோகும் பிரிவின் பலகையில் அது எழுதியிருக்கும். எலும்பு முறிவு, தலைக்காயம், ரத்தப்போக்கு என்று எதற்கு எதை முதலில் செய்வது என்ற ஒழுங்கு அங்கே உண்டு. கழுத்தெலும்பு முறிந்திருக்கலாம் என்று சந்தேகம் வந்தால் கழுத்துக்குப் பட்டை போட்ட பிறகுதான் ஆளைத் தூக்குவார்கள். தூக்குபவரின் அவசரம் காயத்தைப் பெரிதாக்கிவிடக் கூடாது என்பது அங்கே வேலை பார்ப்பவர்கள் படிக்கும் முதல் பாடம்.

அதே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு, உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று காப்பாற்றப்பட்ட பெண் ஒருத்தியும் வருகிறாள். அரியலூர் மாவட்டத்தின் ஜெயங்கொண்டமோ ஆண்டிமடமோ செந்துறையோ, எந்த ஊரானாலும் காட்சி பெரிதாக மாறுவதில்லை. உடலுக்கான சிகிச்சை நடக்கிறது. விபத்துப் பதிவேட்டில் பெயர் ஏறுகிறது. காவல் நிலையத்துக்குத் தகவல் போகிறது. கட்டிலைச் சுற்றி நிற்கும் உறவினர்கள் அழுதுகொண்டே திட்டுகிறார்கள்: “ரெண்டு புள்ளைங்கள வெச்சிக்கிட்டு ஏண்டி உனக்கு இப்புடி புத்தி போச்சு?” வேலைச் சுமையில் ஓடிக்கொண்டிருக்கும் செவிலியரும் தன் பங்குக்கு நாலு நல்ல வார்த்தை சொல்கிறார்: “கஷ்டம் யாருக்கும்மா இல்ல? தைரியமா இருக்கணும்.” சில நாட்களில் அவளை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். எந்த வீட்டில் அது நடந்ததோ, அதே வீட்டுக்கு.

இந்தக் காட்சியில் கெட்டவர் யாருமில்லை. திட்டிய தாய்க்கு மகள் மீது உயிர். செவிலியர் மனதாரத்தான் சொன்னார். ஆனாலும் அந்தப் பெண் கழுத்துப் பட்டை இல்லாமல் தூக்கப்பட்டிருக்கிறாள். மனநலத் துறையினருக்கும் அவர்களோடு சேர்ந்து வேலை செய்பவர்களுக்கும் காயமறிந்த, அதாவது மனக்காயத்தைக் கணக்கில் கொண்ட, தற்கொலைத் தடுப்பில் பயிற்சி தர வேண்டும் என்ற பேச்சு உலகெங்கும் வலுத்துவருகிறது. அந்தப் பயிற்சி நம்மூரில் இந்தக் கட்டிலருகே தொடங்க வேண்டும் என்பதே என் வாதம்.

‘குடும்பப் பிரச்சினை’ என்ற கட்டம்

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022இல் இந்தியாவில் தற்கொலையால் இறந்தவர்கள் 1,70,924 பேர். மகாராஷ்டிரத்தில் 22,746 பேர். அதற்கு அடுத்த இடத்தில் தமிழ்நாடு, 19,834 பேர். நாடு முழுவதற்குமான விகிதம் லட்சம் பேருக்கு 12.4. தமிழ்நாட்டில் 25.9. இங்கே பதிவு ஒழுங்காக நடக்கிறது என்பதும் இந்த வேறுபாட்டுக்கு ஒரு காரணமாக இருக்கலாம். அதைக் கழித்துப் பார்த்தாலும் மிஞ்சுவது ஆறுதல் தரும் எண்ணாக இல்லை.

அந்த அறிக்கையில் காரணங்களின் அட்டவணை ஒன்று உண்டு. அதில் முதலிடம் ‘குடும்பப் பிரச்சினை’க்கு, 31.7 விழுக்காடு. அடுத்தது நோய், 18.4 விழுக்காடு. காவல் நிலையத்தில் விசாரணை முடித்து எழுதும்போது அந்தக் கட்டத்துக்குள் எதையெல்லாம் போட்டு அடைக்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். குடித்துவிட்டு வந்து நாள்தோறும் அடிக்கும் கணவன் அதற்குள் இருக்கிறான். சிறுமியாக இருந்தபோது உறவுக்காரன் ஒருவனால் நேர்ந்ததை யாரிடமும் சொல்லாமல் வளர்ந்தவளும் அதற்குள்தான் இருக்கிறாள். சாதி பார்த்து அறுக்கப்பட்ட காதல், வாரத் தவணைக்கு வாசலில் வந்து உட்காரும் கடன்காரர், வரதட்சணை ஏச்சு, குழந்தை இல்லாததற்காகக் கேட்ட வசைகள் எல்லாவற்றுக்கும் அதே இரண்டு சொற்கள். வன்முறை என்று எழுத வேண்டிய இடத்தில் பிரச்சினை என்று எழுதிவிடுகிறோம். காயமறிந்த அணுகுமுறை என்பது அந்தக் கட்டத்தைத் திறந்து பார்ப்பதுதான்.

இதற்குச் சான்றுகள் நம் பக்கத்திலேயே இருக்கின்றன. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியினர் கணியம்பாடி ஒன்றியத்தில் வீடு வீடாக இறப்புக் காரணங்களை ஆராய்ந்து, 10 முதல் 19 வயதுக்கு உட்பட்டவர்களின் தற்கொலை விகிதத்தை 2004இல் ‘லான்செட்’ இதழில் வெளியிட்டார்கள். ஆண்களில் லட்சத்துக்கு 58, பெண்களில் 148. வளரிளம் பெண்களின் எண் ஆண்களைவிட இரண்டரை மடங்கு. உலகின் பெரும்பாலான நாடுகளில் தற்கொலையால் இறப்பவர்களில் ஆண்களே அதிகம் என்பதைச் சேர்த்துப் பார்த்தால் இந்த எண்ணின் கனம் புரியும். இதை மூளையில் சுரக்கும் வேதிப்பொருளைக் கொண்டு மட்டும் விளக்கிவிட முடியாது.

அமெரிக்காவின் சான் டியாகோவில் வின்சென்ட் ஃபெலிட்டியும் ராபர்ட் ஆண்டாவும் நடத்தி 1998இல் வெளியிட்ட ஆய்வு, குழந்தைப் பருவத்தில் பட்ட அடி, பாலியல் கொடுமை, வீட்டிலிருந்த குடிப்பழக்கம் போன்றவற்றைப் பிற்கால நோய்களோடு பொருத்திப் பார்த்தது. அதன் தொடர்ச்சியாக 2001இல், 17,337 பேரின் விவரங்களைக் கொண்டு தற்கொலை முயற்சியை மட்டும் தனியே ஆராய்ந்தார்கள். இத்தகைய அனுபவங்களில் எந்த ஒன்று இருந்தாலும் முயற்சிக்கான அபாயம் 2 முதல் 5 மடங்கு வரை கூடியது. அனுபவங்களின் எண்ணிக்கை ஏற ஏற அபாயமும் ஏறியது. எதிரே உட்கார்ந்திருப்பவரிடம் ‘உனக்கு என்ன கோளாறு?’ என்று தேடுவதை விட்டு ‘உனக்கு என்ன நேர்ந்தது?’ என்று கேட்கும் பழக்கம் இப்படிப்பட்ட ஆய்வுகளின் வழியேதான் மருத்துவத்துக்குள் வந்தது.

இந்த மண்ணின் வடுக்கள்

ஜெயங்கொண்டம் என்றதும் வெளியூர்க்காரர்களுக்குக் கங்கைகொண்ட சோழபுரம் நினைவுக்கு வரும். உள்ளூர்க்காரர்களுக்கு முந்திரி, சிமென்ட் ஆலை லாரிகள், பழுப்பு நிலக்கரித் திட்டம். அந்தத் திட்டத்துக்காக 1990களில் எடுக்கப்பட்ட நிலத்தின் இழப்பீட்டுக்காக நீதிமன்றப் படியேறிய குடும்பங்களில், வழக்கு முடிவதற்குள் ஒரு தலைமுறை முதுமை அடைந்துவிட்டது. நிலம் போனதை யாரும் மனக்காயம் என்று எழுதி வைப்பதில்லை. அந்தக் குடும்பங்களின் பெரியவர்களிடம் பேசினால், இறந்துபோன ஒருவரைப் பற்றிப் பேசுவதுபோல்தான் அந்த நிலத்தைப் பற்றிப் பேசுவார்கள்.

இந்த வட்டாரத்துக்குப் பெருந்துயரங்கள் புதிதல்ல. 1956 நவம்பர் 23இல் அரியலூர் அருகே மருதையாற்றுப் பாலத்தில் தூத்துக்குடி விரைவு ரயில் கவிழ்ந்து நூற்று நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகியது நம் பொது நினைவில் நின்றுவிட்டது. அந்தப் பெட்டிகளிலிருந்து உயிரோடு வெளியே வந்தவர்கள் பிறகு எப்படித் தூங்கினார்கள் என்பது நிற்கவில்லை. 2004 ஜூலை 16இல், கொள்ளிடத்துக்குத் தெற்கே கும்பகோணத்தில் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் கருகினார்கள். 2023 அக்டோபர் 9இல் அரியலூர் மாவட்டம் விரகாலூரில் பட்டாசு ஆலை வெடித்துப் பத்துப் பேருக்கு மேல் மாண்டார்கள். ஒவ்வொரு முறையும் நிவாரணத் தொகை அறிவிக்கப்படுகிறது. உயிர் பிழைத்தவருக்கும் பறிகொடுத்தவருக்கும் அதற்கடுத்த இரண்டு ஆண்டுகளுக்கு யார் துணை என்ற கேள்விக்கு மட்டும் அறிவிப்பு வருவதில்லை.

செந்துறை வட்டம் குழுமூரைச் சேர்ந்த அனிதா 2017 செப்டம்பர் 1 அன்று தற்கொலையால் இறந்தார். பன்னிரண்டாம் வகுப்பில் 1,200க்கு 1,176 மதிப்பெண் வாங்கிய, கூலித் தொழிலாளியின் மகள். நீட் தேர்வை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை சென்றவர். அவர் பெயர் இன்று அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரியின் அரங்கத்துக்குச் சூட்டப்பட்டிருக்கிறது. அந்தக் கல்லூரி 2022 ஜனவரி 12இல் திறக்கப்பட்ட பதினொரு கல்லூரிகளில் ஒன்று. ஒரு சமூகம் தன் மகளை நினைவில் வைத்துக்கொள்ளும் வழி அது, அதை மதிக்கிறேன். ஆனால் ஒவ்வொரு இறப்புக்கும் ஒற்றைக் காரணம் கற்பித்து, படத்தைப் பெரிதாக அச்சிட்டு, இறந்தவரைத் தியாகியாகவே எழுதிக்கொண்டிருந்தால், அதே பாரத்தைச் சுமந்துகொண்டு அதே வகுப்பில் உட்கார்ந்திருக்கும் இன்னொரு பிள்ளைக்கு நாம் என்ன சொல்கிறோம்? ஒரு தற்கொலையின் தாக்கம் ஏறத்தாழ 135 பேரைத் தொடுகிறது என்று 2018இல் அமெரிக்க ஆய்வாளர் ஜூலி செரலும் அவருடைய குழுவினரும் கணக்கிட்டார்கள். குழுமூர் போன்ற ஊரில் ஊரே அந்தக் கணக்கில் வந்துவிடும். இறப்புக்குப் பின் அந்த வகுப்பறையில், அந்தத் தெருவில், எந்தச் சொல்லைச் சொல்வது, எதைச் சொல்லாமலிருப்பது என்பது ஆசிரியருக்கும் உள்ளூர்ச் செய்தியாளருக்கும் கற்றுத்தரப்பட வேண்டிய பாடம்.

ஒரு சொல்லின் விளைவு

‘கவுன்சலிங்’ என்பதைத் தமிழகத்தில் ‘ஆலோசனை’ என்கிறோம். ஈழத்தில் அதற்கு ‘உளவளத்துணை’ என்று பெயர். இதை வெறும் மொழிபெயர்ப்பு வேறுபாடாக என்னால் பார்க்க முடியவில்லை. ஆலோசனை என்றால் சொல்பவர் ஒருவர், கேட்டுக்கொள்பவர் ஒருவர். பலகையில் ‘ஆலோசகர்’ என்று எழுதி உட்கார வைத்தால் அவர் யோசனை சொல்லத்தான் செய்வார். சொல்லாவிட்டால் வேலை செய்யவில்லை என்று அவருக்கே தோன்றும். துணை என்றால் கூட இருப்பது. இரவில் தனியாக நடக்க வேண்டியவளுக்குத் துணைக்கு வருகிறேன் என்கிறோமே, அந்தத் துணை.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உளமருத்துவம் கற்பித்த பேராசிரியர் தயா சோமசுந்தரம், போரால் சிதைந்த மக்களோடு பல பத்தாண்டுகள் வேலை செய்தவர். தனியாளின் நோயாக மட்டும் மனவடுவைப் பார்க்க முடியாது, குடும்பமும் ஊருமே காயப்படுகின்றன என்பது அவர் எழுத்தின் சாரம். சில உளமருத்துவர்களைக் கொண்டு அத்தனை பேரையும் பார்க்க முடியாது என்பதால் ஆசிரியர்களையும் கிராம அளவிலான பணியாளர்களையும் தமிழிலேயே பயிற்றுவித்தார்கள். யாழ்ப்பாணத்தின் ‘சாந்திகம்’ அந்தப் பணியில் முன்னின்ற அமைப்பு. அங்கே பட்டறிவிலிருந்து பிறந்த கலைச்சொற்களும் பயிற்சி முறைகளும் பாக் நீரிணைக்கு இந்தப் பக்கம் போதிய அளவு வந்து சேரவில்லை. அரியலூரில் ஒரு பயிற்சி நடத்துபவர் அமெரிக்கக் கையேட்டைப் புரட்டும் முன் யாழ்ப்பாணக் கையேட்டைப் புரட்டலாம்.

சென்னையிலும் ஒரு முன்னோடி உண்டு. மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986இல் தொடங்கிய ‘சிநேகா’ தன்னார்வலர்களைக் கொண்டே நடக்கிறது. அவர்கள் அறிவுரை சொல்வதில்லை, தீர்ப்பும் சொல்வதில்லை. அழைப்பவர் பேசுகிறார், இவர்கள் கேட்கிறார்கள். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் சென்னைக் கடற்கரைக் குப்பம் ஒன்றில், உறவுகளைப் பறிகொடுத்தவர்களின் வீடுகளுக்குப் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் தொடர்ந்து போய் வந்தார்கள். அதை மதிப்பிட்டு 2008இல் வெளிவந்த ஆய்வு, துணை கிடைத்தவர்களின் மனத்தளர்ச்சி, கிடைக்காதவர்களோடு ஒப்பிட்டபோது, குறைந்திருந்ததைக் காட்டியது. பட்டம் பெற்ற நிபுணர்கள் செய்த வேலையல்ல அது.

பயிற்சியில் என்ன இருக்க வேண்டும்

முதலில் இல்லாமலிருக்க வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். அபாயத்தை மதிப்பெண் போட்டுக் கணக்கிடும் பட்டியலை மனப்பாடம் செய்ய வைப்பதோடு பல பயிற்சிகள் முடிந்துவிடுகின்றன. 2017இல் ஜோசப் ஃபிராங்க்ளின் குழுவினர் ஐம்பது ஆண்டுகளில் நடந்த 365 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். நமக்குத் தெரிந்த அபாயக் காரணிகளை வைத்து யார் முயல்வார், யார் முயலமாட்டார் என்று கணிப்பது குருட்டாம்போக்கில் சொல்வதைவிடச் சற்றே மேல் என்பதுதான் கிடைத்த விடை. பட்டியலில் மதிப்பெண் குறைவாக வந்தது என்பதற்காக ஒருவரை வீட்டுக்கு அனுப்பிவிட முடியாது.

கற்றுத்தர வேண்டியவற்றில் கடினமானது, நேராகக் கேட்பது. “செத்துப்போயிடலாம்னு தோணுதா?” என்று கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே ஊட்டிவிடுவோமோ என்ற அச்சம் மருத்துவர்களுக்கே உண்டு. அப்படிக் கேட்பது எண்ணத்தைத் தூண்டாது, பெரும்பாலும் மனப் பாரத்தைக் குறைக்கிறது என்பதை உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டிகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. கேட்கும் மொழியும் முக்கியம். ‘தற்கொலை எண்ணம் உள்ளதா?’ என்ற படிவத் தமிழுக்கு அந்தப் பெண் ‘இல்லை’ என்றுதான் தலையாட்டுவாள். “எங்கயாவது போயிடலாம்னு இருக்கு”, “கெடந்து என்ன ஆகப் போகுது”, “நெஞ்ச அடைக்குது”, “ராத்திரி தூக்கமே புடிக்கல” என்றெல்லாம் அவள் ஏற்கெனவே பலரிடம் சொல்லியிருப்பாள். புறநோயாளிப் பிரிவில் மாதக்கணக்கில் கைகால் குடைச்சலுக்கு மாத்திரை வாங்கியிருப்பாள். இந்தப் பேச்சுகளைச் சேகரித்து, அவற்றிலிருந்து கேள்விகளை உருவாக்கி, ஒருவரையொருவர் எதிரெதிரே உட்கார வைத்து வாய்விட்டுக் கேட்டுப் பழக்க வேண்டும். விரிவுரையால் இது வராது. கேட்டபின் வரும் மௌனத்தைத் தாங்குவதற்கும் பயிற்சி வேண்டும். அந்த அரை நிமிடத்தை நம்மால் பொறுக்க முடியாததால்தான் அறிவுரை வாயில் வந்துவிடுகிறது.

‘என்ன நேர்ந்தது?’ என்று கேட்பதால் நடந்ததை முழுக்கச் சொல்ல வைக்க வேண்டும் என்று பொருளில்லை. இங்கேதான் அரைகுறைப் பயிற்சி ஆபத்தாகிறது. பேரிடர் நடந்த உடனே அனைவரையும் கூட்டி நடந்ததை விவரிக்கச் சொல்லும் முறை ஒன்று 1980களிலும் 90களிலும் பரவியிருந்தது. அந்த ஒற்றை அமர்வால் பலனில்லை, சிலருக்குப் பாதிப்பு கூடவும் செய்யலாம் என்று 2002இல் கோக்ரேன் மதிப்பாய்வு காட்டியது. அதன்பின் உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவி வழிகாட்டி ‘பார், கேள், இணை’ என்று மூன்றே சொற்களில் நிற்கிறது. அவள் சொல்ல விரும்பும் அளவுக்குக் கேட்பது, சொல்ல விரும்பாததைக் கிளறாமலிருப்பது. அவசரப் பிரிவுக் கட்டிலில், பத்துப் பேர் நடுவில், மாமியார் கால்மாட்டில் நிற்கையில் கேட்காமல் இருப்பதும் இதில் அடக்கம். ஒரு திரைச்சீலையும் ஒரு நாற்காலியும் போதும். அதைக்கூட ஏற்பாடு செய்யாமல் நடத்தும் பயிற்சி வீண்.

காயமறிந்த சேவைக்கு அமெரிக்க அரசின் மனநலச் சேவை நிர்வாகம் 2014இல் வகுத்த வரையறையில் நான்கு கூறுகள் உண்டு. காயம் எவ்வளவு பரவலானது என்று உணர்வது, அதன் அறிகுறிகளை அடையாளம் காண்பது, அதற்கேற்ப நடந்துகொள்வது, மறுபடி காயப்படுத்தாமலிருப்பது. நான்காவதில்தான் நம் மருத்துவமனைகள் தடுமாறுகின்றன. அடிக்கிற கணவனையே அழைத்து “நல்லா பாத்துக்கோங்க” என்று ஒப்படைப்பது மறுகாயம். சிறுமியிடம் ஒரே கேள்வியை மருத்துவர், காவலர், ஆலோசகர் என்று ஆளாளுக்குக் கேட்பதும் அப்படியே.

இந்த இடத்தில் சட்டம் தெரியாத மனநலப் பணியாளர் பாதி வேலையைத்தான் செய்ய முடியும். 2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ள மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ளப்பட வேண்டும் என்கிறது. அவருக்குப் பராமரிப்பும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்கிறது. 2024 ஜூலை 1இல் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309ஆம் பிரிவே இல்லை. அரசு ஊழியரைக் கட்டாயப்படுத்தும் நோக்கில் முயல்வது மட்டும் குற்றமாக நீடிக்கிறது. இத்தனைக்குப் பிறகும் ‘போலீஸ் கேஸ் ஆகிடும்’ என்ற பயத்தில் வீட்டார் பொய்க் காரணம் சொல்லிச் சேர்க்கிறார்கள். பிறகு மனநலப் பிரிவுக்கு எப்படி அனுப்புவது? இன்னொரு பக்கம், பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர் பாலியல் கொடுமையைச் சொன்னால், 2012ஆம் ஆண்டுப் போக்சோ சட்டப்படி அதைத் தெரிவித்தே ஆக வேண்டும். ‘யாரிடமும் சொல்லமாட்டேன்’ என்று முதலில் வாக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு மீறுவதைப் போன்ற நம்பிக்கைத் துரோகம் அந்தக் குழந்தைக்கு வேறில்லை. எதை ரகசியமாக வைக்க முடியும், எதை முடியாது என்பதை உரையாடலின் தொடக்கத்திலேயே குழந்தைக்குப் புரியும் சொற்களில் சொல்லும் திறமை பயிற்சியில் வர வேண்டும். பெண்களுக்கான 181, குழந்தைகளுக்கான 1098, மாவட்டத்தின் ஒருங்கிணைந்த சேவை மையம் ஆகியவற்றில் யார் இருக்கிறார்கள் என்று பெயரும் முகமும் தெரிந்திருக்க வேண்டும்.

ஒன்பது முறை

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு செய்தியை மட்டும் வாசகர் நினைவில் வைக்க முடியும் என்றால் அது இதுவாக இருக்கட்டும். உலக சுகாதார நிறுவனம் சென்னை, கொழும்பு, பிரேசிலின் கம்பினாஸ், ஈரானின் கராஜ், சீனத்தின் யுன்செங் ஆகிய ஐந்து நகரங்களின் அவசரப் பிரிவுகளில், தற்கொலைக்கு முயன்று பிழைத்த 1,867 பேரைக் கொண்டு ஓர் ஆய்வு நடத்தியது. ஒரு பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை. மறு பாதிப் பேருக்கு, வீடு திரும்பும் முன் ஒரு மணி நேர உரையாடல்; அதன்பின் பதினெட்டு மாதங்களில் ஒன்பது முறை தொலைபேசியிலோ நேரிலோ விசாரிப்பு. முதல் வாரம், இரண்டாம் வாரம், நான்காம், ஏழாம், பதினோராம் வாரங்கள். பிறகு நான்காம், ஆறாம், பன்னிரண்டாம், பதினெட்டாம் மாதங்கள். எப்படி இருக்கிறீர்கள், உதவி வேண்டுமா, அவ்வளவுதான். முடிவு 2008இல் வந்தது. வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் தற்கொலையால் இறந்தவர்கள் 18 பேர், 2.2 விழுக்காடு. விசாரிக்கப்பட்டவர்களில் இறந்தவர்கள் 2 பேர், 0.2 விழுக்காடு.

புது மருந்தொன்று இப்படிப் பலன் தந்திருந்தால் அது இந்நேரம் ஒவ்வொரு வட்ட மருத்துவமனை அலமாரியிலும் இருந்திருக்கும். இது மருந்தல்ல, ஒரு நோட்டுப் புத்தகமும் ஒரு கைபேசியும் வாக்கு மாறாத ஒரு மனிதரும். ஆய்வில் பங்கேற்ற ஐந்து நகரங்களில் ஒன்று நம் சென்னை என்பதால், வெளிநாட்டுச் சரக்கு நமக்கு ஒத்துவராது என்ற சாக்குக்கும் இடமில்லை. அமெரிக்காவில் ஸ்டான்லியும் பிரவுனும் வகுத்த பாதுகாப்புத் திட்டம், அதாவது நெருக்கடி வரும்போது எதைச் செய்வது, யாரை அழைப்பது, எதை வீட்டிலிருந்து அப்புறப்படுத்துவது என்று பாதிக்கப்பட்டவரே தன் கையால் எழுதும் ஒரு பக்கம், தொடர் தொலைபேசி விசாரிப்போடு சேர்ந்தபோது, ஆறு மாதங்களில் தற்கொலை நடத்தைகளை 45 விழுக்காடு குறைத்தது என்று 2018இல் கண்டார்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு அதைப் படமாகவோ, கைபேசியில் அவர்கள் குரலிலேயே பதிவாகவோ செய்து தரலாம்.

கைக்கெட்டும் தூரத்தில் ஆபத்து இல்லாமல் செய்வதும் இந்தப் பயிற்சியின் பகுதியே. நம்மூரில் பூச்சிக்கொல்லிக்கு ‘மருந்து’ என்றே பெயர்; காய்ச்சல் மாத்திரை இருக்கும் பிறையிலேயே அதுவும் இருக்கும். ஜெயங்கொண்டத்துக்குக் கிழக்கே காட்டுமன்னார்கோவில் வட்டாரத்தின் சில கிராமங்களில் சிநேகா குழுவினர் ஊருக்குப் பொதுவான பூட்டுப் பெட்டகங்களைக் கட்டி, விவசாயிகள் பூச்சிக்கொல்லியை வீட்டில் வைக்காமல் அங்கே வைத்துப் பூட்டும் ஏற்பாட்டைச் சோதித்தார்கள். மக்கள் அதை ஏற்றுக்கொண்டார்கள் என்பதும் பலன் நம்பிக்கை தருகிறது என்பதும் 2013இல் ஆய்வுக் கட்டுரையாக வந்தன. இலங்கையில் கொடிய பூச்சிக்கொல்லிகளை ஒவ்வொன்றாகத் தடை செய்ததோடு, 1995இல் லட்சத்துக்கு 47 என்றிருந்த தற்கொலை விகிதம் பின்வந்த இருபது ஆண்டுகளில் சுமார் 70 விழுக்காடு இறங்கியது. சாகும் எண்ணம் பெரும்பாலும் ஓர் அலை. அந்த நேரத்தைக் கடத்திவிட்டால் பலர் பிழைத்து நெடுநாள் வாழ்கிறார்கள். வீட்டுக்குப் போகும் செவிலியர் “மருந்தை எங்க வெச்சிருக்கீங்க?” என்று கேட்கப் பழகினால் அதுவே தடுப்பு.

யாருக்குப் பயிற்சி?

மனநல மருத்துவர்களுக்கு மட்டும் என்றால் இந்தப் பேச்சையே விட்டுவிடலாம். இந்தியாவில் லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை, கணக்கு 0.75இல் நிற்கிறது. எம்.பி.பி.எஸ். பயிற்சி மருத்துவருக்கு மனநலத் துறையில் கட்டாயப் பணி இரண்டு வாரம். மாவட்ட மனநலத் திட்டத்தின் குழு, மாவட்டத் தலைநகரில் இருந்துகொண்டு வட்ட மருத்துவமனைகளுக்கு முறை வைத்துப் போகிறது. அது வரும் நாளுக்காக யாருடைய நெருக்கடியும் காத்திருக்காது. எனவே அந்தக் குழு செய்யத்தக்க சிறந்த வேலை, தான் இல்லாத நாட்களில் கட்டிலருகே இருப்பவர்களை ஆளாக்குவது. இரவுப் பணிச் செவிலியர், கிராம சுகாதாரச் செவிலியர், 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் ரத்த அழுத்த மாத்திரையோடு வீட்டு வாசலுக்கே போகும் பெண் தன்னார்வலர்கள், மகளிர் காவல் நிலையத் தலைமைக் காவலர், பள்ளி ஆசிரியர். கோவாவில் விக்ரம் பட்டேல் குழுவினர், மனநலப் படிப்பு ஏதுமில்லாத உள்ளூர் மக்களைப் பயிற்றுவித்துக் கடும் மனத்தளர்ச்சியில் இருந்தவர்களுக்குத் துணை நிற்கச் செய்தார்கள். 2017இல் வந்த முடிவில் மனத்தளர்ச்சியோடு தற்கொலை எண்ணமும் குறைந்திருந்தது.

இரண்டு நாள் பயிலரங்கு, சான்றிதழ், குழுப்படம் என்று முடிந்தால் இதில் எதுவும் நடக்காது. கற்றது சில மாதங்களில் மங்கிவிடும் என்பது இத்தகைய பயிற்சிகளை ஆராய்ந்தவர்கள் பொதுவாகக் கண்டது. மாதம் ஒருமுறை கூடி, தான் பார்த்த ஒருவரைப் பற்றி மூத்தவர் ஒருவரிடம் பேசும் ஏற்பாடு வேண்டும். அது கற்பவருக்கும் மருந்து. நாள் முழுக்கப் பிறர் துயரைக் கேட்பவருக்கு அது ஒட்டிக்கொள்ளும். அவர் வீட்டிலும் குடியோ கடனோ அடியோ இருக்கலாம். அவருடைய காயத்தை அறியாத பயிற்சிக்குக் காயமறிந்த பயிற்சி என்று பெயர் வைப்பதில் நேர்மையில்லை. ஒருவரைக் காப்பாற்ற முடியாமல் போன நாளில் அவரைக் குற்றவாளியாக நிறுத்தாமல் தோளில் கைபோடும் அதிகாரி வேண்டும்.

மத்திய அரசு 2022 நவம்பரில் வெளியிட்ட தேசியத் தற்கொலைத் தடுப்பு உத்தி, 2030க்குள் இறப்பைப் பத்து விழுக்காடு குறைக்கச் சொல்கிறது. தமிழக அரசு மருத்துவக் கல்லூரிகளில் ‘மனம்’ என்ற மாணவர் ஆதரவு மன்றங்களைத் தொடங்கியது. காகிதத்தில் குறையில்லை. அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரியின் மனநலத் துறைக்கும் மாவட்ட நிர்வாகத்துக்கும் என் வேண்டுகோள் சிறியது. ஜெயங்கொண்டம் அரசு மருத்துவமனையில் ஒரு பதிவேடு திறங்கள். உயிரை மாய்க்க முயன்று பிழைத்து வீடு திரும்பும் ஒவ்வொருவர் பெயருக்கு எதிரிலும் ஒன்பது கட்டம் போடுங்கள். அந்தக் கட்டங்களை நிரப்பப்போகும் செவிலியர் நான்கு பேரைத் தேர்ந்து, அவர்களுக்கு இந்தப் பயிற்சியைக் கொடுங்கள். பதினெட்டு மாதம் கழித்து அந்தப் பதிவேட்டை ஊருக்குக் காட்டுங்கள். பெயர்களை மறைத்து, எண்களை மட்டும்.

இதைப் படிக்கும் உங்களுக்கோ உங்கள் வீட்டில் ஒருவருக்கோ அந்த எண்ணம் இருந்தால், நாளைக்குத் தள்ளிப் போடாதீர்கள். தமிழக அரசின் 104, தேசிய மனநல உதவி எண் 14416, இரண்டும் இரவு பகலாக இயங்குகின்றன. சென்னை சிநேகாவின் எண் 044-24640050. மறுமுனையில் இருப்பவர் தமிழில் பேசுவார்.